நாட்டுத்துப்பாக்கிக் காயமும் உள்ளே போன தும்பும்

கீரிப்பாறைக்காரன்:
எங்கள் மாமா ரப்பர் பால் வெட்டுபவர். ஒருநாள் விடியுமுன், நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனவருக்குத் தொடையில் சூடு விழுந்தது. காட்டுப்பன்றிக்குக் காத்திருந்த எவனோ நாட்டுத்துப்பாக்கியால் சுட்டுவிட்டு ஓடிவிட்டான். பன்றி லைட் கட்டிக்கொண்டா வரும் என்று மாமா இன்றைக்கும் கேட்பார்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் மேலாகக் கழுவி, தையல் போட்டு, டெட்டனஸ் வராமலிருக்க டிடி ஊசியும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். பார்க்க நல்ல தையல்தான். மூன்றாம் நாள் தொடை கல்லாக வீங்கி, காய்ச்சல் கொதித்தது. கட்டை அவிழ்த்ததும் தேங்காய் மட்டை ஊறுகிற குளத்து வாடை.

ஆசாரிப்பள்ளத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மெடிக்கல் காலேஜில் தையலைப் பிரித்துச் செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். கூடவே வந்தது நகத்தளவு கருகிய தும்பும் (தேங்காய் நார்), கைலியின் நீல நூலும். வெடிமருந்தை இறுக்கத் திணித்த தும்பு, குண்டுச் சில்லுகளோடு உள்ளே போயிருக்கிறது. “மாத்திரை ரத்தம் வழியாகத்தான் போகும். செத்த சதையில் ரத்தமே ஓடாது, அப்புறம் மருந்து எப்படிப் போய்ச் சேரும்?” என்றார் டாக்டர். எந்தக் கிருமி என்று பார்க்கச் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பி, முடிவு வந்ததும் ஊசி மருந்தை மாற்றினார்கள். காயம் திறந்தே கிடந்தது. தினமும் கழுவிக் கட்டு. அந்த நேரம் மாமா போடுகிற சத்தம் வார்டு முழுக்கக் கேட்கும். உள்ளே சிவப்பாகப் புதுச்சதை வந்த பிறகுதான் தைத்தார்கள்.

பழைய பட்டாளம்:
தம்பி, நான் பட்டாள ஆஸ்பத்திரியில் நர்சிங் உதவியாளராக இருந்தவன். குண்டுக்காயத்தை அங்கே முதல் நாளே மூடினால் வசவு விழும். சுத்தம் செய்து, திறந்து வைத்து, நாலைந்து நாள் கழித்துப் பார்த்துத்தான் தைப்பார்கள். குண்டு சூடாகத்தானே போகிறது, கிருமி செத்துவிடாதா என்று ஊரில் கேட்பார்கள். சாகாது. வேகமான குண்டு சதையை ஒரு நொடி பலூன் மாதிரி விரித்துவிடும். அந்த உறிஞ்சலில் மண்ணும் துணியும் உள்ளே போகும். மண்ணில் கிடக்கிற கிளாஸ்ட்ரிடியம் என்கிற கிருமி காற்றில்லாத இடத்தில்தான் கொழுக்கும், செத்த சதை அதற்கு விருந்து. அமுக்கினால் தோலுக்கடியில் நறநறவென்றால் அது வாயு அழுகல். காலையே எடுக்க வேண்டி வரலாம்.

பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் இதை முன்பே பார்த்திருக்கிறார். பென்சிலின் 1928இல். முதல் உலகப் போரின்போது, 1915இல், பிரான்சில் காயம்பட்ட சிப்பாய்களின் உடுப்புத் துணியில் இந்தக் கிருமிகளைக் கண்டார். மேலே ஊற்றுகிற கிருமிநாசினி மூலைமுடுக்குக்குப் போகாது, நம் வெள்ளணுக்களைத்தான் கொல்கிறது என்றும் சொன்னார்.

கீரிப்பாறைக்காரன்:
அண்ணாச்சி, ஒரு சந்தேகம். மூன்று சில்லு இன்னும் உள்ளேயே இருக்கிறது. வேண்டாமென்று விட்டுவிட்டார்கள்.

பழைய பட்டாளம்:
சதைக்குள் இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், தோண்டினால் சேதம்தான் கூடும். மூட்டுக்குள் என்றால் எடுத்தாக வேண்டும், மூட்டு நீரில் ஈயம் கரையும்.

கீரிப்பாறைக்காரன்:
எக்ஸ்ரேயை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். முட்டுக்கு ஒரு சாண் மேலே.