சிறுமம், பெருமம்: சார்பு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: க, ங இரண்டும் 0 முதல் 1 வரை சீரான பரவல் கொண்ட சார்பற்ற மாறிகள். இவற்றின் சிறுமமும் (இரண்டில் சிறியது) பெருமமும் (இரண்டில் பெரியது) சார்பற்றவையா? உடன்மாறுபாட்டை (covariance, இரண்டும் சேர்ந்து மாறும் அளவு) தொகையிடாமல் (integration இல்லாமல்) காண முடியுமா?

பதில் 1: சார்பற்றவை அல்ல. சிறுமம் ½-ஐ விடப் பெரிதாகவும் பெருமம் ½-ஐ விடச் சிறிதாகவும் இருக்கவே முடியாது, நிகழ்தகவு 0. தனித்தனியே ஒவ்வொன்றும் ¼, பெருக்கினால் 1/16; சார்பற்றவை எனில் 0-க்குப் பதில் இதுவே வந்திருக்கும்.

உடன்மாறுபாட்டுக்கு ஒரு குறுக்குவழி: சிறுமம் × பெருமம் = க × ங. ஆகவே பெருக்கலின் எதிர்பார்ப்பு (சராசரி மதிப்பு) ¼. தனி எதிர்பார்ப்புகள் 1/3, 2/3. முதலாவதிலிருந்து இவற்றின் பெருக்கலைக் கழித்தால் உடன்மாறுபாடு: ¼ − 2/9 = 1/36. இரண்டின் மாறுபாடும் (variance) 1/18 என்பதால் ஒட்டுறவுக் கெழு (correlation, −1 முதல் 1 வரையிலான தொடர்பு அளவு) சரியாக ½.

பதில் 2: அடுக்குக்குறிப் பரவலாக (exponential) இருந்தால் கதை வேறு. அங்கே சிறுமமும், பெருமம் − சிறுமம் என்ற இடைவெளியும் சார்பற்றவை. நினைவின்மைப் பண்பின் (இதுவரை காத்திருந்த நேரம் மீதி நேரத்தைப் பாதிக்காது என்பது) விளைவு அது. வீதம் 1 எனில் சிறுமத்தின் வீதம் 2, இடைவெளியின் வீதம் 1. ஆனால் சிறுமமும் பெருமமும் அங்கும் சார்புடையவைதான். பலர் இங்கேதான் குழப்பிக்கொள்கிறார்கள்.

பதில் 3: மூல மாறிகள் சார்பற்றவையாக இருந்தால், பரவல்கள் வெவ்வேறானாலும், வரிசைப் புள்ளியளவைகளின் (சிறுமம், பெருமம் போல, மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கினால் வருபவை) உடன்மாறுபாடு எதிர்மறையாகாது (மாறுபாடுகள் முடிவுள்ளவை எனில்). எல்லாமே மூல மாறிகளின் குறையாச் சார்புகள் (மாறி கூடும்போது குறையாத functions) என்பதே காரணம். சார்பின்மையை எடுத்துவிட்டால் இது உடையும்: ங = 1 − க என வைத்தால் சிறுமம் + பெருமம் = 1, ஒட்டுறவு −1.