வயிற்று சிடியில் தசைப் பரப்பு: ஐசியு நோயாளியின் போக்கைக் கணிக்க எவ்வளவு நம்பலாம்?

உணவியல்_பினாங்கு:
வணக்கம். வென்டிலேட்டரில் உள்ளவர்களுக்கு வேறு காரணத்துக்காக ஏற்கெனவே எடுத்த வயிற்று சிடியில், எல்3 (மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு) மட்டத்தில் தசைப் பரப்பை இமேஜ்ஜே என்ற பட அளவீட்டு மென்பொருளை வைத்து அளக்கிறோம். ஒரே படத்துக்கு ஒருவர் 112 சதுர செ.மீ. என்கிறார், இன்னொருவர் 98 என்கிறார். எங்கே பிசகுகிறது? ஆண் 170, பெண் 110 சதுர செ.மீ.க்குக் கீழே இருந்தால் தசை குறைவு என்ற வரம்பை நம் மக்களுக்கு அப்படியே வைக்கலாமா?

படப்பிரிவு_கேஎல்:
முதலில் இருவரும் ஒரே துண்டைத்தான் எடுத்தீர்களா என்று பாருங்கள். எல்3இல் இருபக்கக் குறுக்கு நீட்சிகளும் முழுதாகத் தெரிய வேண்டும். சிலருக்கு எல்5 சேக்ரத்தோடு (முதுகெலும்பின் அடியிலுள்ள எலும்பு) ஒட்டியிருக்கும், சிலருக்கு ஆறு இடுப்பு முள்ளெலும்பு இருக்கும்; கீழிருந்து மட்டும் எண்ணினால் ஒரு எலும்பு தள்ளிப்போகும். சாஜிட்டல் (பக்கவாட்டுத் தோற்ற) படத்தில் கடைசி விலாவிலிருந்தும் எண்ணுங்கள்.

அடுத்தது, தசை என்று எடுக்கும் −29 முதல் +150 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடியில் திசுவின் அடர்த்தியைக் காட்டும் எண்) எல்லை. டைகாம் கோப்பை (ஸ்கேன் கருவியின் மூலப் படக்கோப்பு) ஜேபெக்காக மாற்றி அளந்தால் அந்த எண்களே போய்விடும், பிறகு அளப்பதில் பொருளில்லை. சோவாஸ் (முதுகெலும்பை ஒட்டிய தசை), முதுகுத் தசைகள், குவாட்ரேட்டஸ் (இடுப்பின் பின்பக்கத் தசை), பக்கச்சுவரின் மூன்று அடுக்கு, ரெக்டஸ் (வயிற்றின் முன்பக்கத் தசை) எல்லாம் சேர வேண்டும். மெலிந்தவர்களிடம் குடல் சுவர் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். அதுவும் அதே எல்லைக்குள் வருவதால் மென்பொருள் தசையாகவே எண்ணிவிடும். கையால் அழித்தே ஆகவேண்டும். உங்கள் வித்தியாசத்தில் பாதி இங்கேயே இருக்கலாம். கையை உடலோடு வைத்து எடுத்த படத்தில் கோடுகள் விழும். பருமனானவர்களுக்கு விலாப்பக்கம் படச்சட்டத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

தீவிர_சிகிச்சை:
170, 110 என்பது நெதர்லாந்தில் வென்டிலேட்டர் நோயாளிகளை வைத்து 2014இல் வெளியான ஆய்வின் வரம்பு. உடல்வாகு வேறான நம் தமிழர், மலாய், சீன நோயாளிகளுக்கு அதை அப்படியே போட்டால் பலர் தேவையில்லாமல் 'குறைவு' பட்டியலில் விழுவார்கள். வெட்டுக்கோடு வேண்டாம், பரப்பைத் தொடர் எண்ணாகவே வைத்து, வயது, பாலினம், உயரம், அப்பாச்சி 2 மதிப்பெண்ணோடு (நோயின் தீவிரத்தைக் காட்டுவது) சேர்த்துப் பாருங்கள்.

படம் எந்த நாளில் எடுத்தது என்பதை மறக்காதீர்கள். சேர்ந்த ஓரிரு நாளுக்குள் என்றால் வரும்போது இருந்த தசை இருப்பைக் காட்டும். பத்தாம் நாள் படத்தில் தசை கரைந்திருக்கும். திரவம் நிறைய ஏற்றியிருந்தால் வீக்கத்தில் பரப்பு கூடித் தெரியவும் செய்யும். இன்னொன்று, சிடி தேவைப்பட்டவர்கள் மட்டுமே உங்கள் கணக்கில் வருகிறார்கள். எல்லா ஐசியு நோயாளிக்கும் அதைப் பொருத்த முடியாது. தனியொருவருக்குச் சிகிச்சையை நிறுத்துவதா என்பதை இந்த எண்ணை வைத்து முடிவு செய்யவே கூடாது.

உணவியல்_பினாங்கு:
நன்றி டாக்டர். தசையின் சராசரி ஹவுன்ஸ்ஃபீல்டையும் சேர்க்கலாமா?

தீவிர_சிகிச்சை:
சேர்க்கலாம். எண் குறைந்தால் தசைக்குள் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று பொருள். ஆனால் கான்ட்ராஸ்ட் (படத்தைத் தெளிவாக்க ஏற்றும் மருந்து) போட்ட படத்தில் எண் கூடும். கான்ட்ராஸ்ட் போட்ட படத்தையும் போடாத படத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

புள்ளியியல்_உதவி:
பரப்பை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதாக இருந்தால் உயரத்தைக் குத்துமதிப்பாக எழுதாதீர்கள். 105 சதுர செ.மீ., 1.60 மீட்டர் என்றால் 41.0. அதே ஆளுக்கு 1.66 என்று எழுதினால் 38.1. பெண்களுக்குப் பலரும் எடுக்கும் 38.5 கோட்டுக்கு அந்தப்பக்கம் போய்விடுவார். படுத்திருப்பவருக்கு அல்னா (முன்கை எலும்பு) நீளத்தை அளந்து உயரத்தைக் கணக்கிடுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவமனை என்றால், பழைய படங்களைத் திறக்கும் முன்பே என்எம்ஆர்ஆரில் (மலேசியாவின் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவகம்) பதிந்து நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள்.