'பிரேக்கிங் நியூஸ்' வானொலியில்: இடைச்செய்தியா, உடன்செய்தியா?

குழுவினருக்கு வணக்கம்.

'பிரேக்கிங் நியூஸ்' என்பதற்குத் தமிழில் முன்வைக்கப்பட்ட 'இடைச்செய்தி' எழுத்தில் அழகாக இருக்கிறது. நிகழ்ச்சியை இடைமறித்து வருவது என்ற பொருளும் பொருந்துகிறது. ஆனால் வானொலியில் அதை வாயால் சொல்லியாக வேண்டும். நம் மதுரைப் பக்கத்துப் பேச்சில் இடம் 'எடம்' ஆவதுபோல இடை 'எடை' ஆகும். உசிலம்பட்டியில் கேட்பவர் அது என்ன எடை என்று யோசிப்பதற்குள் முதல் வாக்கியம் போய்விடும். தொலைக்காட்சிக்காரர்களின் 'சற்றுமுன்' இன்னும் மோசம். அதே பிரதியை ஒரு மணி நேரம் கழித்து வாசித்தால் பொய்யாகிவிடும். ஆகவே உடனே சொல்லும் செய்தி என்ற பொருளில் 'உடன்செய்தி' என்கிறேன்.

வரையறை: ஓடும் நிகழ்ச்சியை நிறுத்தி வாசிக்கும், 30 விநாடிக்கு மிகாத, ஒரே நிகழ்வைப் பற்றிய செய்தி. நிதானமாக வாசித்தால் ஏறத்தாழ 50 சொல்தான் கொள்ளும். மாதிரி ஒன்று:

"வைகைக் கரையோர மக்கள் கவனத்துக்கு. வைகை அணையின் நீர்மட்டம் காலை பத்து மணிக்கு அறுபத்தொன்பது அடியை எட்டியது. மூன்றாம் கட்ட வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது. ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம். மதுரை யானைக்கல் தரைப்பாலத்தைத் தவிர்த்து மேம்பாலம் வழியாகச் செல்லுங்கள். மீண்டும், வைகைக் கரையோர மக்கள் கவனத்துக்கு."

யாருக்கு என்பது முதலில். எண் அதற்குப் பிறகுதான். காது தயாராகும் முன் வரும் எண் நிற்காது. எண்ணை எழுத்தால் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, 68.5 என்று இருந்தால் வாசிப்பவர் அரை நொடி தடுமாறுவார். 'அறுபத்தெட்டரை' என்று இருந்தால் மாட்டார். நடுவில் வானொலியைத் திருப்பியவருக்காகவே கடைசி வரி.

---

ஐயா, உங்கள் வரையறை முழுவதும் எனக்குச் சம்மதம். ஆனால் 'உடன்' என்றதும் உடன்பிறப்பு, உடன்படிக்கை என்று 'கூட' என்ற பொருளே முந்துகிறது. ஒலிபரப்பில் 'உடனடிச் செய்தி' என்றே சொல்லட்டும். ஓரசைதான் கூடுகிறது, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செய்தி அறைக்குள் பிரதியின் தலைப்பில் 'உடன்செய்தி' இருக்கலாம்.

ஒன்று சேர்க்க வேண்டும். தமிழில் மறுப்பு கடைசியில் வருகிறது. "பாலத்தில் போக்குவரத்து தடை செய்யப்படவில்லை" என்று எழுதினால், பேருந்து இரைச்சலில் வால் விழுங்கப்பட்டு 'தடை' மட்டும் காதில் விழும். "பாலம் திறந்திருக்கிறது" என்று எழுதவேண்டும். இந்த விதியையும் கலைச்சொல் பதிவில் உடனடிச் செய்தியின் கீழேயே கொடுத்துவிடுங்கள்.