4கே வீடியோவை டைம்லைனில் வைத்ததும் கணினி திணறுகிறது: கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் சரியாகுமா?

கூத்துப்பித்தன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் கோடைக்காலத்தில் நடக்கும் பாரதக் கூத்துகளை இரவு முழுவதும் பதிவு செய்து, வீட்டுக் கணினியில் தொகுத்து, ஆடிய குழுவினருக்கு ஒரு பிரதி கொடுத்து வருகிறேன். பழைய கேமராவில் 1080 அளவில் பதிவு செய்தவரை எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. இந்த ஆண்டு புதிதாக ஒரு மிரர்லெஸ் கேமராவை வாங்கி 4கே அளவில் பதிவு செய்தேன். மேடையின் பக்கவாட்டில், முகவீணைக்காரரும் மிருதங்கக்காரரும் தெரியும்படி, கைபேசி ஒன்றையும் நிறுத்தி வைத்திருந்தேன்.

இப்போது கேமராக் கோப்பை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் வைத்து ஓடவிட்டால், பாட்டு தடையின்றிக் கேட்கிறது, படமோ உறைந்து நின்று பிறகு தாவுகிறது. வெட்ட வேண்டிய இடத்தில் சொடுக்கினால் அந்த ஃப்ரேம் திரையில் வருவதற்குள் சில விநாடிகள் ஆகிவிடுகின்றன. கட்டியங்காரன் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும் அந்தக் கணத்தைச் சரியாகப் பிடித்து வெட்டுவது இயலாத காரியமாகிவிட்டது. கைபேசியும் 4கே அளவில்தான் பதிவு செய்தது. ஆனால் அந்தக் கோப்பு ஓரளவு ஒழுங்காகவே ஓடுகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கணினி: இன்டெல் கோர் ஐ5-8400, 8 ஜிபி நினைவகம் (ஒரே குச்சி), விண்டோஸ் இருக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி, வீடியோக்கள் இருக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. எடிட்டிங் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவிப் பார்த்தேன், டிரைவர்களையும் புதுப்பித்தேன், மாற்றமில்லை. கடைக்காரர் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் பறக்கும் என்கிறார். அதற்குப் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டுமாம். அவ்வளவு பணத்தைப் போடுவதற்கு முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.


வெட்டுமேசை எழுதியது:

தயவுசெய்து இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். கணினியில் எந்த உறுப்பு முட்டி நிற்கிறது என்று பார்க்காமல் உறுப்பு வாங்குவது அளக்காமல் போடுவதுதான். முதலில் இரண்டு விவரங்களைச் சொல்லுங்கள்.

ஒன்று, மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, கேமராக் கோப்பையும் கைபேசிக் கோப்பையும் அதில் திறந்து, கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), பிட் ஆழம் (நிறங்களை எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறது), குரோமா சப்சாம்பிளிங் (நிறத் தகவலை எவ்வளவு குறைத்துச் சேமிக்கிறது), ஃப்ரேம் ரேட் ஆகிய நான்கு வரிகளில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மற்றொன்று, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு கோப்புகளையும் தனித்தனியாக ஓடவிட்டு, சிபியு, நினைவகம், டிஸ்க் ஆகியவை எத்தனை சதவீதம் காட்டுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டிகோட்' என்றொரு தனி வரைபடம் இருக்கும். அது அசைகிறதா, தரையோடு கிடக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டும்.


கூத்துப்பித்தன் எழுதியது:

பார்த்துவிட்டேன், ஐயா. கேமராக் கோப்பு: எச்.265, 10 பிட், 4:2:2, விநாடிக்கு 25 ஃப்ரேம், 100 மெகாபிட். கைபேசிக் கோப்பு: எச்.265, 8 பிட், 4:2:0; ஃப்ரேம் ரேட் என்ற இடத்தில் 'வேரியபிள்' என்று இருக்கிறது.

கைபேசிக் கோப்பு ஓடும்போது வீடியோ டிகோட் வரைபடம் மேலே ஏறுகிறது, சிபியு நிதானமாக இருக்கிறது. கேமராக் கோப்பை ஓடவிட்டால் அந்த வரைபடம் சுழியத்திலேயே கிடக்கிறது. சிபியு 100 சதவீதத்தைத் தொட்டு அங்கேயே நிற்கிறது. நினைவகம் இரண்டு சமயங்களிலும் ஏறத்தாழ நிரம்பித்தான் இருக்கிறது. டிஸ்க் பெரிதாக ஒன்றும் காட்டவில்லை.


வெட்டுமேசை எழுதியது:

காரணம் தெரிந்துவிட்டது. உங்கள் கணினி பழுதாகவில்லை, மென்பொருளிலும் குறையில்லை. கேமரா எழுதும் அந்தக் குறிப்பிட்ட வகைக் கோப்பை விரிப்பதற்கான, அதாவது சுருக்கிய வீடியோவை மீண்டும் படமாக்குவதற்கான, சுற்று உங்கள் செயலியில் இல்லை.

சற்று விளக்குகிறேன். எச்.265 ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. இடையிடையே ஒரு முழுப் படத்தை வைத்துவிட்டு, அதற்குப் பின்வரும் ஃப்ரேம்களில் எது நகர்ந்தது, எது மாறியது என்பதை மட்டுமே குறித்துவைக்கிறது. அதனால்தான் கோப்பு இவ்வளவு சிறியதாக இருக்கிறது. ஆனால் நீங்கள் நடுவில் ஓரிடத்தில் சொடுக்கினால், அந்த ஒரு ஃப்ரேமைக் காட்டுவதற்கு, அதற்கு முன்னுள்ள முழுப் படம்வரை பின்னோக்கிப் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக்கொண்டு வர வேண்டும். படம் பார்ப்பவர் முன்னோக்கி மட்டுமே போவதால் அவருக்கு இது உறைப்பதில்லை. தொகுப்பவர் முன்னும் பின்னுமாக அலைவதால் அவருக்குத்தான் வலிக்கிறது.

இந்தக் கணக்கைச் செய்யவே செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியில் தனிச் சுற்று ஒன்று உண்டு. உங்கள் 8400இல் உள்ள யூஎச்டி 630, எச்.265 வகையில் 8 பிட், 10 பிட் இரண்டையும் விரிக்கும்; ஆனால் 4:2:0 ஆக இருந்தால் மட்டுமே விரிக்கும். 4:2:2 வந்தால் கையை விரித்துவிடும், வேலை முழுவதும் சிபியுவின் ஆறு கோர்கள் மேல் விழும். 4:2:0 கோப்பைவிட 4:2:2 கோப்பில் நிறத் தகவல் இரு மடங்கு. ஒளிர்வையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தத் தரவு மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இதைச் சிபியு மட்டுமே 4கே அளவில் உடனுக்குடன் விரிக்க வேண்டுமென்றால் திணறத்தான் செய்யும். கைபேசிக் கோப்பு ஒழுங்காக ஓடுவதும், கேமராக் கோப்பு நிற்பதும் இந்த ஒரு வேறுபாட்டால்தான்.

இனிக் கடைக்காரர் சொன்ன கார்டு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளும் 4:2:2 எச்.265 கோப்பை வன்பொருளில் விரிப்பதில்லை. 2025இல் வந்த 50 வரிசையில்தான் அந்த வசதி சேர்ந்தது. ஆகவே அவர் சொன்ன கார்டைப் போட்டிருந்தால், நிறத்திருத்தமும் சில எஃபெக்ட்களும் வேகமாகியிருக்கும், நீங்கள் முறையிடும் இந்தத் திணறல் அப்படியே இருந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், இன்டெல்லின் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகளுக்குள் இருக்கும் சாதாரண கிராஃபிக்ஸ் இதை விரித்துவிடும். பிற்காலத்தில் கணினியையே மாற்றும் எண்ணம் வந்தால் இதை நினைவில் வையுங்கள். அப்போது பெயரின் இறுதியில் 'எஃப்' எழுத்துள்ள செயலியை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸே இருக்காது.

இப்போது செய்ய வேண்டியது பிராக்ஸி. கேமராக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் விரிக்க எளிதான ஒரு நகலை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும். நீங்கள் அந்த நகலை வைத்து வெட்டுவீர்கள், இறுதி வெளியீட்டின்போது அசல் கோப்பு வந்து உட்காரும். கேடென்லைவ், ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் என எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. நகலின் கோடெக்கைத் தேர்ந்தெடுக்க வழியிருந்தால், ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சேமிக்கும் புரோரெஸ் பிராக்ஸி, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி, எம்ஜேபெக் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சொடுக்கிய இடத்தில் படம் உடனே நிற்கும்.

இடக் கணக்கையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். 1080 அளவில், 25 ஃப்ரேமில், புரோரெஸ் பிராக்ஸி விநாடிக்குச் சுமார் 38 மெகாபிட், அதாவது மணிக்குச் சுமார் 17 ஜிபி. ஆறு மணி நேரக் கூத்து என்றால் சுமார் 100 ஜிபி. 720 அளவில் செய்தால் அதில் பாதிக்கும் குறைவாகவே பிடிக்கும், வெட்டுவதற்கு அதுவே தாராளம். உருவாக்கும் வேலையை இரவில் ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.


ராம்குச்சி எழுதியது:

மேலே சொல்லப்பட்டதில் எனக்கு முழு உடன்பாடு. விடுபட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: அந்த 8 ஜிபி நினைவகம்.

ஒரு 4கே ஃப்ரேமில் 82,94,400 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தாலே, விரித்த பிறகு ஒரு ஃப்ரேம் 33 எம்பி. விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 800 எம்பியைத் தாண்டுகிறது. வட்டில் கோப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், நினைவகத்துக்குள் வரும்போது அது இந்த உருவத்தில்தான் வரும். விண்டோஸும் பிரவுசரும் எடுத்துக்கொண்டது போக மீதியில் எடிட்டிங் மென்பொருள் எத்தனை விநாடிகளைத்தான் கையிருப்பில் வைத்துக்கொள்ளும்? நினைவகம் நிரம்பியதும் விண்டோஸ் தகவலை வட்டுக்குத் தள்ளத் தொடங்கும், அப்போது ஒட்டுமொத்தக் கணினியும் தளர்ந்துவிடும்.

ஒரே குச்சியாக இருப்பது இன்னொரு குறை. உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது; அதுவும் சிபியுவும் இதே குச்சியைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. டிடிஆர்4-2666 குச்சி ஒன்றுக்கு விநாடிக்கு 21.3 ஜிபி என்பது உச்ச வரம்பு. அதே வகையில் இன்னொரு 8 ஜிபி குச்சியை இரண்டாம் சேனலுக்குரிய (செயலிக்குப் போகும் இரண்டாவது பாதைக்குரிய) இடத்தில் செருகினால், அளவும் இரட்டிக்கும், பாதையும் இரட்டிக்கும். எந்தச் செருகியில் போட வேண்டும் என்பதை மதர்போர்டுக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். செலவு செய்தே தீர வேண்டுமென்றால், கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஆகும் பணத்தில் ஒரு சிறு பகுதியை இதில் போடுங்கள்.

வீடியோக்களை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள் என்று இங்கே யாராவது சொல்லக்கூடும். உங்கள் கேமராக் கோப்பு விநாடிக்குக் கேட்பது 12.5 எம்பிதான், ஹார்ட் டிஸ்க் சாதாரணமாக 100 எம்பிக்கு மேல் கொடுக்கும். டிஸ்க் வரைபடம் அசையாததும் அதனால்தான். மென்பொருள் தற்காலிகக் கோப்புகளைச் சேர்க்கும் கேஷ் கோப்புறையை மட்டும் எஸ்எஸ்டியில் வையுங்கள், அந்தக் கோப்புறையை ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்கிவிடுங்கள், அது போதும்.


இரவுக்காட்சி எழுதியது:

நானும் கோவில் விழாக்களை இரவில் பதிவு செய்பவன் என்பதால், கணினியை விட்டுவிட்டுக் கேமராப் பக்கம் வருகிறேன். 4:2:2 உங்களுக்கு உண்மையில் தேவையா என்று யோசித்துப் பாருங்கள். பச்சைத் திரை வைத்துப் பின்னணியை மாற்றுபவர்களுக்கு அது பயன்படும். கூத்துக்கு வேண்டியது, கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகளில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும், வேடத்தின் அழுத்தமான அரிதாரச் சிவப்பும் நிறத்திருத்தத்தில் உடையாமல் இருப்பது. அதைக் காப்பாற்றுவது பெரும்பாலும் 10 பிட்தான். உங்கள் கேமராவில் எச்.265, 10 பிட், 4:2:0 என்ற தேர்வு இருந்தால் அடுத்த கூத்துக்கு அதை வைத்துவிடுங்கள். உங்கள் யூஎச்டி 630 அதை நேரடியாகவே விரித்துவிடும், பிராக்ஸி இல்லாமலேயே சமாளிக்கலாம்.

கைபேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் குறிப்பிட்ட 'வேரியபிள்' என்ற வரி சிறிய செய்தியல்ல. கைபேசி வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃப்ரேம்களின் இடைவெளியை மாற்றிக்கொண்டே போகும். சில நிமிடத் துண்டில் தெரியாது. மணிக்கணக்கான பதிவில் மிருதங்க அடி ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக விலகிவிடும். எடிட்டிங் மென்பொருளுக்கும் அத்தகைய கோப்பில் இடத்தைத் தேடிப் பிடிப்பது கூடுதல் சுமை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் அந்தக் கோப்பைக் கொடுத்து, 25 ஃப்ரேம், 'கான்ஸ்டன்ட்' என்று தேர்ந்தெடுத்து ஒரு முறை மாற்றிவிட்டுப் பிறகு டைம்லைனுக்குக் கொண்டுவாருங்கள். இனிப் பதிவு செய்யும்போது, கைபேசிச் செயலி இடம் கொடுத்தால், 25 ஃப்ரேமையே வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டரை ஒரு விநாடியில் 50இல் ஒரு பங்காக வைத்துவிட்டால் மேடை விளக்குகளின் சிமிட்டலும் பெரும்பாலும் அடங்கிவிடும்.


கூத்துப்பித்தன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு கூத்தின் கேமராக் கோப்புகளுக்கு மட்டும் 720 அளவில் பிராக்ஸி உருவாக்கிப் பார்த்தேன். சொடுக்கிய இடத்தில் படம் நிற்கிறது, பின்னோக்கி இழுத்தாலும் கூடவே வருகிறது, சிபியு பாதியைக்கூடத் தொடவில்லை. கார்டு வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, நினைவகக் குச்சி ஒன்றை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். கேமராவின் மெனுவில் 4:2:0 10 பிட் தேர்வும் இருக்கிறது.

ஒரே ஓர் ஐயம். வெளியீடு கொடுத்தால் இன்னும் மெதுவாகத்தான் போகிறது. அது இயல்புதானா?


வெட்டுமேசை எழுதியது:

இயல்புதான். வெளியீட்டின்போது அந்த அசல் 4:2:2 கோப்புகளையே மென்பொருள் மீண்டும் விரித்தாக வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை. இறுதிக் கோப்பை எழுதும் வேலையையாவது செயலியின் கிராஃபிக்ஸ் பகுதிக்குத் தள்ளலாம்: வெளியீட்டு அமைப்பில் குவிக் சிங்க் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்யும்போது பிட் ரேட்டை (விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை) சற்றுத் தாராளமாக வையுங்கள். சிபியு வழியாக எழுதுவதோடு ஒப்பிட்டால், அதே பிட் ரேட்டில் குவிக் சிங்கின் தரம் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், இருளும் அசைவும் கலந்த கூத்துக் காட்சிகளில் அது கண்ணுக்குத் தெரியும்.

மேலும், கேடென்லைவ் போன்ற சிலவற்றில் வெளியீட்டுப் பெட்டியில் 'பிராக்ஸியைப் பயன்படுத்து' என்று ஒரு தேர்வு இருக்கும். பொத்தானை அழுத்துவதற்கு முன் அதில் குறி இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். குறி இருந்தால் வெளியீடு வேகமாக முடிந்துவிடும், குழுவினர் கைக்குப் போவது 720 அளவு நகலாக இருக்கும்.