கேஸ் கீசர் பாதியில் அணைந்துவிடுகிறது, அவசரம்!

ஈரத்துண்டு, காலை 6:52
கீசர் ஐந்தாறு நிமிடம் எரிந்ததும் தானாக அணைந்துவிடுகிறது. தலையில் சோப்பு நுரையோடு இதை எழுதுகிறேன். பேட்டரி மாற்றியாயிற்று. என்ன கோளாறாக இருக்கும்? ஆபீசுக்குக் கிளம்ப வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

சும்மாஇரு, 6:58
சிலிண்டரா, குழாயில் வரும் கேஸா? கீசர் எத்தனை வருடப் பழசு? அணைந்ததும் உடனே மறுபடி பற்றுகிறதா, இல்லை கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறதா? கீசரை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பனிமூட்டம், 7:03
சிலிண்டர் குளிர்ந்துபோயிருக்கும். பியூட்டேனின் கொதிநிலை 0 டிகிரிக்கு ஒட்டித்தான் இருக்கிறது, புரோப்பேனுக்கு மைனஸ் 42. குளிர்காலத்தில் கீசர் மாதிரி பெரிய தீனிக்காரன் இழுக்கும்போது, உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகி ஆவியாகிச் சிலிண்டரே சில்லிட்டுவிடும். அழுத்தம் விழும், தீ அணையும். சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள்.

நள்ளிரவுத்தேநீர், 7:09
ஆமாம், எனக்கும் இப்படி ஆனது. சிலிண்டரை ஒரு வாளி வெந்நீரில் வைத்தேன், சரியாகிவிட்டது.

பழையஸ்பேனர், 7:15
வெந்நீரில் சிலிண்டரா! தயவுசெய்து அடுத்தவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.
கேள்வி கேட்டவருக்கு: தம்பி, இதே கேள்வி குளிர் தொடங்கியதும் மாதம் இரண்டு முறை வருகிறது. பழைய இழைகளைப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. தண்ணீர் அழுத்தம் குறைந்தால் டயாப்ரம் என்ற ரப்பர் சவ்வு இறங்கி கேஸை மூடிவிடும். தீ எரிகிறதா என்று உணரும் தெர்மோகப்பிள் தேய்ந்தாலும் அணையும். சில மாடல்களில் 20 நிமிட டைமர் உண்டு. மாடல் தெரியாமல் ஜோசியம் சொல்ல நான் தயாரில்லை.

ஈரத்துண்டு, 7:21
சிலிண்டர்தான். ஏழு வருடம் இருக்கும். தண்ணீர் நன்றாக வருகிறது. அணைந்ததும் உடனே பற்றுவதில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போனால் பற்றுகிறது. சர்வீஸ் எதுவும் செய்ததில்லை, நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் வந்த மெக்கானிக், "சென்சார் போய்விட்டது, அதைத் தூக்கிவிட்டு நேராக இணைத்துவிடலாம்" என்றார். செய்யச் சொல்லலாமா?

மழைக்காகம், 7:24
வேண்டாம், வேண்டவே வேண்டாம்.
கதவைத் திறந்தால் பற்றுகிறது என்றால் கீசர் குளியலறைக்கு உள்ளேயே இருக்கிறதா? ஜன்னல்? புகைக்குழாய்?

ஈரத்துண்டு, 7:27
உள்ளேதான். எல்லார் வீட்டிலும் அப்படித்தானே? ஜன்னலைக் குளிருக்காக அட்டை வைத்து அடைத்திருக்கிறோம். மேலே ஒரு தகரக் குழாய் போகிறது, எங்கே போய் முடிகிறது என்று பார்த்ததில்லை. தீ கொஞ்ச நாளாக மஞ்சளாக இருக்கிறது, அது பிரச்சினையா?

மழைக்காகம், 7:41
பிரச்சினையே அதுதான். கோளாறு சென்சாரில் இருக்க வாய்ப்பு குறைவு. அது தன் வேலையைச் செய்கிறது என்றுதான் தோன்றுகிறது: அறையில் ஆக்சிஜன் குறைந்ததும் கேஸை நிறுத்துகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற 10 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். அடுப்பின் ஒரு பர்னர் 2, 3 கிலோவாட்தான். அதாவது நாலைந்து அடுப்பைக் குளியலறைக்குள் ஒன்றாகப் பற்றவைத்த மாதிரி. ஒரு பங்கு புரோப்பேன் முழுதாக எரிய 24 பங்கு காற்று தேவை. பத்து நிமிடக் குளியலுக்குக் கிட்டத்தட்ட 2 கன மீட்டர் காற்றை கீசர் தின்றுவிடும். சின்னக் குளியலறை என்றால் மொத்தக் காற்றே 7 கன மீட்டர்தான் இருக்கும்.

காற்று போதாவிட்டால் கேஸ் அரைகுறையாக எரியும். அதன் அடையாளம் மஞ்சள் தீயும் கரியும். கூடவே வருவது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. சென்சாரைத் தூக்கிவிட்டால் கீசர் நிற்காது, குளிப்பவர்தான் விழுவார்.

வீட்டில் யாருக்காவது குளித்துவிட்டு வந்ததும் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு?

ஈரத்துண்டு, 7:44
வீட்டம்மாவுக்குத் தலைவலி உண்டு. ஆனால் அது சைனஸ். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 98 காட்டியது. கேஸ் வாசனையும் இல்லை.

மழைக்காகம், 7:50
வாசனை எரியாத கேஸுக்குத்தான், அதுவும் கசிந்தால் தெரியவேண்டும் என்று சேர்ப்பது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ஆக்சிமீட்டரை இதில் நம்பாதீர்கள். மோனாக்சைடு ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், அந்தச் சாதாரண ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 98 என்று சிரித்துக்கொண்டே காட்டும். டாக்டரிடம் கீசர் விஷயத்தைச் சொல்லி ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள், தலைவலி இன்றும் இருந்தால் இன்றைக்கே. கீசரை இப்போதே மூடிவிட்டு ஜன்னல் அட்டையை எடுங்கள்.

கிணற்றடி, 8:12
எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் முடிந்தது. எங்கள் வீட்டு கீசர் 11 வருடமாக ஓடுகிறது, சர்வீஸ்காரர் வாசல்படி மிதித்ததில்லை. ஓடுகிற எஞ்சினைத் திறந்தால்தான் கெடும். வருடா வருடம் சர்வீஸ் என்பது அவர்கள் பிழைப்புக்கு.

பழையஸ்பேனர், 8:20
எக்ஸாஸ்ட் ஃபேன் ஐயாவுக்கு: புகைக்குழாய் வைத்த கீசர் இருக்கும் அறையில், காற்று உள்ளே வர வழி இல்லாமல் ஃபேனை ஓட்டினால், அது புகைக்குழாய் வழியாகவே காற்றை இழுக்கும். வெளியே போகவேண்டிய புகை உள்ளே இறங்கும். அடிப்படை இயற்பியல்.

கிணற்றடி, 8:26
அப்படியானால் கதவுக்குக் கீழே இடைவெளி எதற்கு? எங்கள் வீட்டில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது.

பழையஸ்பேனர், 8:31
இரண்டு விரல். சரி.

நள்ளிரவுத்தேநீர், 8:40
கேஸ் டிடெக்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் இந்தச் சண்டையே வேண்டாமே?

சும்மாஇரு, 8:52
எந்த டிடெக்டர் என்பதைப் பார்த்து வாங்குங்கள். கேஸ் கசிவைக் காட்டுவது வேறு, மோனாக்சைடைக் காட்டுவது வேறு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். அதனால் கசிவு டிடெக்டர் கீழே இருக்கவேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசு, அதற்கு மேலே. மோனாக்சைடு அறைக் காற்றோடு கலந்துவிடும். டிடெக்டரின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் உயரத்தில் மாட்டுங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள். உள்ளே இருக்கும் சென்சாருக்கும் ஆயுள் உண்டு.

கிணற்றடி அண்ணே, சர்வீஸ் பற்றி ஒரு வார்த்தை. நான் இந்த வேலையில் இருந்தவன். திறந்து பார்த்தால் பர்னர் துளையில் தூசி, காற்று இழுக்கும் வாயில் சிலந்திக்கூடு, தண்ணீரைச் சூடேற்றும் ஃபின் தகடுகளுக்கு நடுவே கரி. இவை ஒரே நாளில் வருவதில்லை, அதனால் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. தண்ணீர் சூடாகத்தானே வருகிறது! பர்னரைச் சுத்தம் செய்து, புகை வெளியே போகிறதா என்று பார்த்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்து, ரப்பர் குழாயின் தேதி தாண்டியிருந்தால் மாற்றினால் ஒரு மணி நேர வேலை. சென்சாரைத் தூக்கலாம் என்று சொல்பவரை மட்டும் மறுபடி கூப்பிடாதீர்கள்.

பனிமூட்டம், 9:05
இருந்தாலும் சிலிண்டரை யாரும் பார்க்கவில்லை.

கிணற்றடி, 9:30
எங்கள் வீட்டுத் தீ நீலம்தான். (இப்போதுதான் போய்ப் பார்த்தேன்.) ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்.

மழைக்காகம், 9:33
11 வருடம் என்றீர்களே அண்ணே. ஒருமுறை ஆளைக் கூப்பிடுங்கள்.

மூன்று நாள் கழித்து

சும்மாஇரு, காலை 10:15
ஈரத்துண்டு, என்ன ஆயிற்று? ஒரு வரியாவது போடுங்கள்.

ஈரத்துண்டு, இரவு 9:47
மன்னிக்கவும், ஆஸ்பத்திரி, வேலை என்று ஓடிக்கொண்டிருந்தேன். வேறு ஆள் வந்து பார்த்தார். ஃபின் முழுக்கக் கரி. அந்தத் தகரக் குழாய் பொய்க்கூரைக்கு மேலே இணைப்பு கழன்று கிடந்தது, புகை எல்லாம் உள்ளேயே இறங்கியிருக்கிறது. சென்சார் நன்றாக இருக்கிறதாம். கீசரை வெளியே மாற்றுகிறோம், அதுவரை அடுப்பில் வெந்நீர். வீட்டம்மாவுக்கு இரண்டு நாளாகத் தலைவலி இல்லை. மழைக்காகத்துக்கு நன்றி.

பனிமூட்டம், 9:58
சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தீர்களா?