குடும்பக் குழுமத்தில் வரும் தொல்லியல் ‘அதிசயங்கள்’: எதை நம்புவது?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

வணக்கம். நான் கணக்காளர், தொல்லியல் படித்தவனல்லன். எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் பெரிய மாமா, ஓய்வுபெற்ற ஆசிரியர், கிழமைக்கு இரண்டு மூன்று கண்டுபிடிப்புச் செய்திகளையாவது அனுப்பிவிடுவார். சென்ற கிழமை வந்தது, குழியில் கிடக்கும் இராட்சத எலும்புக்கூட்டின் மண்டையோட்டருகே ஒருவர் மண்வெட்டியுடன் நிற்கும் படம். இந்தியாவில் கிடைத்த கடோற்கசனின் எலும்பாம். அதற்கு முதல் சிகிரியா இராவணனின் விமானத்தளம் என்று ஒரு காணொளி. அதற்கும் முதல், யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் கிடைத்த முத்திரையிலுள்ள சிந்துவெளி எழுத்து வாசிக்கப்பட்டுவிட்டது என்றொரு பதிவு. முத்திரை உண்மையானது என்று அறிந்திருப்பதால் மூன்றையும் ஒன்றாகக் கட்டி ஒதுக்கவும் மனம் வரவில்லை. துறை தெரியாத ஒருவர் இவற்றை எப்படிப் பிரித்தறிவது?

மண்ணடுக்கு எழுதியது:

அந்த எலும்புக்கூடு பழைய நண்பர். 2000ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில், யானைக்கு உறவான மாஸ்டொடன் என்னும் அழிந்துபோன விலங்கின் எலும்புகளைத் தோண்டியபோது எடுக்கப்பட்ட படத்தில், மனித எலும்புக்கூடு ஒன்றை ஒட்டி, 2002இல் இணையத்தளமொன்றின் படத்திருத்தப் போட்டிக்கு அனுப்பியிருந்தார்கள். செய்தவருக்கு ஏமாற்றும் எண்ணமில்லை; போட்டியிலிருந்து படம் மட்டும் கழன்று உலகம் சுற்றத் தொடங்கியது. ஒரு நாட்டில் அது கடோற்கசன், இன்னொரு நாட்டில் குர்ஆனில் வரும் ஆது கூட்டத்தார். நெஷனல் ஜியோகிரபிக் பெயரையும் சேர்த்து அது பரப்பப்பட்டதால், 2007இல் அந்த நிறுவனமே மறுக்க வேண்டியதாயிற்று.

நீங்கள் கேட்ட பிரித்தறிதலுக்கு, பொருளைப் பார்ப்பதற்கு முன் அது கிடந்த குழியைப் பற்றிக் கேளுங்கள். எந்த இடத்தில், யாருடைய அகழ்வில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது? ஆனைக்கோட்டை முத்திரைக்கு இவற்றுக்கெல்லாம் விடை உண்டு. 1980இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையிலான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு, பெருங்கற்காலப் புதைகுழியொன்றிலிருந்து அதை எடுத்தது. கீழ்வரியிலுள்ள பிராமி என்னும் பழைய வரிவடிவ எழுத்துகளைக் ‘கோவேத’ என்று வாசிக்கிறார்கள். மேல்வரியிலிருப்பவை குறியீடுகள், அவற்றை ஐயமற வாசித்தவர் எவருமில்லை. ஆகவே மாமா அனுப்பியதில் முத்திரை மெய், வாசிப்பு மிகை. இந்த வகைதான் முழுப் பொய்யைவிடத் தொல்லை தருவது.

சிகிரியாவுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. அது ஐந்தாம் நூற்றாண்டு மன்னன் காசியப்பனின் கோட்டை. அவனுக்கு முன்னரே அங்கிருந்த துறவிகளின் குகைகளில் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. விமானத்தின் தடயம் எந்த அடுக்கிலும் இல்லை.

காலிக்காரி எழுதியது:

கொழும்பில் இருப்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு: தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டின் முன் அரைமணி நேரம் நில்லுங்கள். சீனத் தளபதி செங் ஹோவின் கடற்பயணத்தோடு தொடர்புடைய, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல் 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது, மதகொன்றின் மூடியாகக் கிடந்ததாம். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்துவிட்டது. வாசித்தவர்கள் அங்கே வெற்றிடம் விட்டார்களே தவிர, கற்பனையால் நிரப்பவில்லை. யூரியூப் காணொளிகளில் இந்த வெற்றிடத்தைத்தான் நான் காண்பதில்லை.

மண்ணடுக்கு எழுதியது:

காலிக்காரி சொன்னதற்கு ஒன்று சேர்க்க வேண்டும். நமக்குப் பிடித்த செய்தி வரும்போதும் அதே கேள்விகளைக் கேட்கிறோமா? தமிழ்நாட்டில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாக 2025 சனவரியில் அறிவிக்கப்பட்டதும், இங்கும் பலர் அதைக் கொண்டாடினார்கள். அது எலும்புக்கூட்டுப் படத்தைப் போன்றதன்று; சிவகளையில் முறையாக நடந்த அகழ்வு, ஆய்வுக்கூட முடிவுகளுடன் வெளிவந்த அறிக்கை. ஆயினும் கி.மு. 3345 என்ற அந்தக் கணிப்பு, ஈமத்தாழியிலிருந்து எடுத்த கரியின் காபன் அளவீட்டிலிருந்து பெறப்பட்டதே ஒழிய, இரும்பையே அளந்து பெற்றதன்று. அந்தக் கரியும் இரும்பும் ஒரே காலத்தில் மண்ணுக்குள் சென்றனவா, எரிந்த மரம் எரியும்போதே பல்லாண்டு பழையதாக இருந்ததா என்று கேட்பது பகைமையாகாது. அகழ்ந்தவர்களும் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் அது. இத்தகைய ஐயத்தை எழுப்புபவரை இனத்துரோகி என்று திட்டும் பின்னூட்டங்களைப் பார்க்கும்போது, எனக்கு மாமாவின் எலும்புக்கூடே மேல் என்று தோன்றுகிறது.

வெள்ளவத்தைவாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. மாஸ்டொடன் படத்தையும் போட்டிப் படத்தையும் அருகருகே வைத்து, குழுமத்தில் போடாமல், மாமாவுக்குத் தனியாக அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதிலில்லை. பிறகு, “அந்த மாஸ்டொடன் எத்தனை அடி உயரம்?” என்று கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நூதனசாலைக்கு வரச் சம்மதித்திருக்கிறார். அங்குள்ள தமிழெழுத்தைத் தானே வாசித்துக் காட்டுவதாகவும் சொல்லியிருக்கிறார்.