புதுப்பிப்பு: கூடையில் பொருளை விட்டுப் போனவர்களுக்கு என்ன எழுதுவது?

இணையக் கடையின் கூடையில் பொருளைச் சேர்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களுக்கு எப்படி நினைவூட்டுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது, ‘அவர்களுடைய சந்தேகத்துக்குப் பதில் எழுதுங்கள்’ என்ற யோசனைதான். பொருளின் பெயர், எப்போது வந்து சேரும், அளவு சரியில்லை என்றால் எப்படித் திருப்புவது, அப்புறம் கூடைக்கான இணைப்பு. திரும்பி வந்து வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ‘இன்றே கடைசி’ வகை வரிகளுக்குப் பெரிய அசைவில்லை. தள்ளுபடிக் கூப்பன் தனிக்கதை: அது வரும் என்று தெரிந்ததும் சிலர் வேண்டுமென்றே கூடையை விட்டுவைத்தார்கள்!

எதிர்பாராதது எஸ்எம்எஸ் செலவு. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். புள்ளியும் காலும்கூடத் தனித்தனிக் கணக்கு. தாண்டினால் 67 எழுத்துத் துண்டுகளாக உடைத்து ஒவ்வொன்றுக்கும் கட்டணம் போடுகிறார்கள். அதனால் எஸ்எம்எஸ்ஸில் இப்போது பொருளின் பெயரும் இணைப்பும் மட்டும், மற்றதெல்லாம் மின்னஞ்சலில்.